‘இல்லை’ அல்ல, ‘வேண்டாம்’: செட்டிநாட்டுப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் பேச்சிழந்த மூதாட்டிக்கான கூட்டு முயற்சி (நிகழ்வு ஆய்வு)

காரைக்குடிக்கு அருகே, பழைய நகரத்தார் வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து நடத்தப்படும் முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குப் பேச்சு மொழிப் பயிற்சியாளராக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சென்று வந்தேன். பக்கவாதம், மறதிநோய், இடுப்பெலும்பு முறிவு ஆகியவற்றுக்குப் பின், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத நிலையில் அங்கு வந்து, திரும்பிப் போகும் எண்ணமின்றித் தங்கிவிட்டவர்களே பெரும்பாலோர். அவர்களுள் ஒருவரைப் பற்றியது இந்த ஆய்வு. அவரும் அவருடைய மகளும் இதை எழுத ஒப்புதல் தந்திருக்கிறார்கள். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். இல்லத்தில் எல்லோரும் அழைத்தபடியே அவரை ஆச்சி என்று குறிப்பிடுகிறேன்.

ஆச்சிக்கு வயது 76. நான் பார்ப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் மூளையின் இடப்பக்கத்தில் இரத்தக்குழாய் அடைபட்டுப் பக்கவாதம் ஏற்பட்டது. வலக்கை முற்றிலும் செயலற்றிருந்தது. வலக்காலை இழுத்துச் சில அடிகள் நடப்பார். ‘அது’, ‘வந்து’, ‘சரி’, ‘முருகா’ ஆகிய நான்கும் தடையின்றி வரும். பெயர்ச்சொற்கள் அரிதாகவே வரும். எதிரில் இருப்பவர் சுருக்கமாகப் பேசினால் பெரும்பாலும் புரிந்துகொள்வார். நீளமாகப் பேசினால் பாதியில் பிடி நழுவிவிடும். மருத்துவத்தில் இதற்கு அஃபேசியா என்று பெயர். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது ஏற்படுகிறது. பழுதாவது மொழிதானே தவிர அறிவு அல்ல. இந்த ஒரு வாக்கியத்தைப் புரியவைக்கவே அந்த இல்லத்தில் எனக்கு மூன்று மாதங்கள் ஆயின.

புரியாததற்குக் காரணமும் இருந்தது. கோயில் பதிகம் ஒன்றின் முதல் அடியை யாராவது எடுத்துக் கொடுத்தால் ஆச்சி கடைசி அடி வரை பிசகாமல் பாடுவார். ஒன்று முதல் இருபது வரை எண்ணுவார். தண்ணீர் வேண்டுமென்றால் மட்டும் சொல் வராது. வாழ்நாளெல்லாம் சொல்லிச் சொல்லித் தடமாகிப்போன சொற்கோவைகள், சேதமடைந்த இடத்தைத் தாண்டி வெளியே வந்துவிடுவது உண்டு. புதிதாக ஒரு வாக்கியத்தைக் கட்டுவதற்கு வேறு வேலை தேவைப்படுகிறது. பராமரிப்புப் பணியாளர்களின் பார்வையிலோ இது வேறாகத் தெரிந்தது. “பாட்டு மட்டும் கணீர்னு வருது, நாம கேட்டா பதில் வரமாட்டேங்குது. வீம்பு” என்றார் மூத்த பணியாளர். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணால் கண்டதிலிருந்து அவர் எடுத்த முடிவு அது.

செவிலியர் பதிவேட்டில் அந்த முடிவு எழுத்தாகவும் நின்றது. ‘ஒத்துழைப்பு இல்லை’, ‘குளிக்க மறுத்தார்’, ‘கை ஓங்கினார்’, ‘இரவு உணவு பாதி’ என்ற நான்கு தொடர்களும் மாறி மாறிப் பக்கம் பக்கமாக வந்தன. தூக்க மாத்திரையைக் கூட்டலாமா என்ற பேச்சு எழுந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் செய்த முதல் பலகை

முதலில் நான் செய்தது தவறு. முப்பது படங்கள் கொண்ட பலகை ஒன்றை அச்சிட்டு, லேமினேஷன் செய்து கொண்டுபோனேன். படங்கள் கணினியில் கிடைத்த ஆயத்தத் தொகுப்பிலிருந்து எடுத்தவை: கைப்பிடி வைத்த பீங்கான் கோப்பை, முள்கரண்டியும் தட்டும், குளியல் தொட்டி. எவர்சில்வர் டம்ளரில் காபியை ஆற்றிக் குடித்து, வாளியில் மொண்டு குளித்த ஒருவருக்கு அவை என்ன சொல்லும்? போதாததற்கு, குழல்விளக்கின் வெளிச்சம் லேமினேஷனில் பட்டுப் பளபளத்ததில் பாதிப் படம் மறைந்தது. இரண்டு வாரம் கழித்துப் போனபோது மின்வெட்டில் அந்தப் பலகையால் ஒருவர் ஆச்சிக்கு விசிறிக்கொண்டிருந்தார். பலகைக்குக் கிடைத்த உருப்படியான பயன் அது ஒன்றுதான்.

பலகையின் கீழே இருந்த இரண்டு கட்டங்கள்தான் எனக்கு உண்மையான பாடம் கற்பித்தன. ஒன்றில் ‘ஆம்’, இன்னொன்றில் ‘இல்லை’. ஆங்கிலத்தில் உள்ள அட்டைகளை அப்படியே தமிழாக்கி வைத்திருந்தேன். “காபி வேணுமா ஆச்சி?” என்று கேட்டால் ஆச்சியின் விரல் இரண்டுக்கும் நடுவில் தத்தளிக்கும். கேள்வி புரியவில்லை என்று குறித்துக்கொண்டேன். சில நாள் கழித்து, வீட்டில் என் மகனிடம் இன்னொரு தோசை வேண்டுமா என்று கேட்டபோதுதான் உறைத்தது. அவன் ‘இல்லை’ என்று சொல்லவில்லை, ‘வேண்டாம்’ என்றான். தமிழில் மறுப்பு ஒற்றைச் சொல்லில் அடங்குவதில்லை. விருப்பத்தை மறுத்தால் வேண்டாம், இருப்பை மறுத்தால் இல்லை, இயலாமைக்கு முடியாது, அறியாமைக்குத் தெரியாது, பிடிவாதத்துக்கு மாட்டேன். உடன்பாடும் அப்படித்தான்: ‘வேணுமா’வுக்கு ‘வேணும்’, ‘சாப்பிட்டாச்சா’வுக்கு ‘ஆச்சு’. ‘ஆம்’ என்பதை வினாத்தாளில் எழுதுவார்களே தவிர, செட்டிநாட்டில் எந்த வீட்டு வளவிலும் (உள்முற்றத்திலும்) யாரும் பேசிக் கேட்டதில்லை. கேள்விக்குப் பொருந்தாத விடைகளை முன்னால் வைத்துவிட்டு, பொருந்தாததைத் தேர்ந்தெடுக்க மறுத்தவருக்குப் புரியவில்லை என்று நான் எழுதியிருந்தேன்.

தலையசைப்பும் கைகொடுக்கவில்லை. நம் ஊரில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் அது சரி என்பதா, பார்க்கலாம் என்பதா, வேண்டாம் என்பதா என்று பழகியவர்களுக்குத்தான் தெரியும்; பக்கவாதத்துக்குப் பின் அந்த அசைவின் நுட்பமும் குலைந்திருந்தது. எனவே தலையசைப்பைக் கணக்கில் எடுப்பதையே நிறுத்தினோம். ‘வேணும்’, ‘வேண்டாம்’, ‘தெரியலை’, ‘வேற’ என்ற நான்கு சொற்களை, விரல் நீள எழுத்தில், பளபளப்பில்லாத கெட்டி அட்டையில், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்தோம். ‘வேற’ என்ற அட்டை செவிலியரின் யோசனை. நாம் கேட்கும் கேள்வியே தவறு என்று சொல்ல ஆச்சிக்கு வழி வேண்டும் என்றார் அவர். இரண்டே மாதத்தில் அதிகம் அழுக்கேறிய அட்டை அதுதான்.

“இன்னைக்குக் குளியல் வேண்டாம்ல ஆச்சி?” என்பது போன்ற கேள்விகளையும் கைவிடச் சொன்னேன். ‘ல’ போட்டு முடியும் கேள்விக்கு ‘ஆமா’ என்றால் குளிக்கிறேன் என்று பொருளா, வேண்டாம் என்று பொருளா? நல்ல நிலையில் உள்ளவர்களே தடுமாறும் இடம் அது.

இடப்பக்கம்

இரவு உணவு ஏன் பாதியில் நின்றது என்பதைச் சமையல்காரர் கண்டுபிடித்தார். அவருக்கு அட்டைகளில் நம்பிக்கையில்லை. இரண்டு கிண்ணங்களை நேரே கொண்டுவந்து ஆச்சியின் முன் வைத்து, “எது வேணும், தொட்டுக் காட்டுங்க” என்பார். படத்தைவிடப் பொருளைக் காட்டுவது சிறந்த முறை, நான் பாராட்டினேன். ஒரு வாரம் கழித்து அவரே சந்தேகத்தோடு வந்தார்: “ஆச்சி எப்பவும் இந்தப் பக்கம் இருக்கிறதையே தொடுறாங்க. இன்னைக்கு வேணும்னே மாத்தி வச்சேன். அப்பவும் இந்தப் பக்கம்தான்.”

இந்தப் பக்கம் என்றது ஆச்சியின் இடப்பக்கம். மூளையின் இடப்பாதியில் பார்வை நரம்புப் பாதையும் சேதமடைந்தால், இரண்டு கண்களிலுமே பார்வையின் வலப்பாதி இருண்டுவிடும். கண்ணில் குறையில்லாததால் கண்ணாடி போட்டும் தீராது. ஆச்சிக்கு அந்தக் குறைபாடு இருந்தது மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரியாக, ஆங்கிலத்தில், இருந்தது. முதல் நாளே நான் அதைப் படித்திருந்தேன். பேச்சைப் பார்க்க வந்தவன் பார்வையைக் கடந்துவிட்டேன்.

அந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு பதிவேட்டைத் திரும்பப் படித்தபோது எல்லாமே வேறாகத் தெரிந்தது. மதியம் பிசைந்து ஊட்டினார்கள். இரவில் மட்டும் ஆச்சி இடக்கையால் தாமே சாப்பிட்டார். மிஞ்சியது தட்டின் வலப்பாதி. கட்டிலின் இடப்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது. பணியாளர்கள் வலப்பக்கத்திலிருந்து வந்து, குளிக்கக் கூட்டிப்போவதற்காகச் சட்டென்று தோளைத் தொட்டார்கள். காணாத பக்கத்திலிருந்து ஒரு கை வந்து தொட்டால் யார்தான் கை ஓங்க மாட்டார்கள்? கட்டிலை எதிர்ச்சுவருக்கு மாற்றிப் போட்டோம். நல்ல காலை முதலில் ஊன்றி இறங்கவும் இது வசதி என்று இயன்முறை மருத்துவர் சொன்னார். சாப்பாட்டின் நடுவில் ஒருமுறை தட்டைத் திருப்பிவிட வேண்டும். எதைக் காட்டினாலும் இடம் வலமாக அன்றி மேலும் கீழுமாகக் காட்ட வேண்டும். அந்த வாரத்தில் செய்தது இவ்வளவுதான். ‘கை ஓங்கினார்’ என்ற தொடர் பதிவேட்டில் அருகி, பின்னர் நின்றுபோனது.

வீடும் காதும்

செட்டிநாட்டு வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பார்க்க வருபவர்கள் வியக்கும் ஆத்தங்குடிக் கல் தரையும், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து வழவழப்பாக்கிய சுண்ணாம்புச் சுவரும், உயர்ந்த மேற்கூரையும் ஒலியை உள்வாங்குவதில்லை, திருப்பி அடிக்கின்றன. பட்டாலை எனப்படும் கூடத்தில் தொலைக்காட்சி ஓடும்போது நான்கு பேர் பேசினால், எனக்கே வார்த்தை பிரித்துக் கேட்காது. ஆச்சிக்கு வயதால் வந்த செவிக்குறைவும், இரண்டு காதிலும் இறுகிய குறும்பியும் இருந்தன. குறும்பியைக் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டி எடுத்தோம், சிறிது தெளிந்தது. மீதியை இடமாற்றம் செய்தது. வளவை ஒட்டிய சிறிய அறையில், கதவைச் சாத்தி, ஜமுக்காளம் விரித்துப் பேசினோம். முற்றத்து வெளிச்சம் பேசுபவரின் முகத்தில் விழும்படி உட்கார வேண்டும் என்பதையும் பழக்கினோம். பணியாளர்கள் வழக்கமாக முற்றத்துக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள். ஆச்சிக்குத் தெரிந்ததெல்லாம் பேசும் ஒரு நிழல்.

‘இது’ என்ற சொல்

கனடாவின் ஒண்டாரியோவில் நீண்டகாலப் பராமரிப்புப் பிரிவுகளில் பக்கவாதத்தால் பேச்சு பாதிக்கப்பட்டவர்களுக்காகக் கேத்தரின் மெக்கில்டன் குழுவினர் வகுத்த முறை எங்களுக்கு ஒரு சட்டகமாக உதவியது. ஒவ்வொருவருக்கும் தனியான தகவல்தொடர்புத் திட்டம், செவிலியர்களுக்கு ஒருநாள் பயிற்சி, பிறகு அவர்களைத் தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு என மூன்று பகுதிகள் கொண்டது அது. ஒருநாள் பயிற்சி எங்கள் இல்லத்தில் நடக்காது. இரண்டு பேர் வேலை பார்க்கும் இடத்தில் ஒருவரை ஒருநாள் முழுதும் எடுக்க முடியாது. பணிமாற்ற நேரத்தில், போகிறவரும் வருகிறவரும் சேர்ந்திருக்கும் இருபது நிமிடத்தைப் பிடித்துக்கொண்டோம். செவிலியர், இரண்டு பணியாளர்கள், சமையல்காரர், இயன்முறை மருத்துவர், வாரம் ஒருமுறை வரும் சமூகப்பணி மாணவிகள் இருவர் எனக் குழு அமைந்தது. சிங்கப்பூரிலிருந்த மகள் கைபேசி வழியே சேர்ந்துகொண்டார்.

முதல் அமர்வில் நான் பேச நினைத்தது மரியாதையைப் பற்றி. முதியவர்களிடம் குழந்தையிடம் பேசுவது போலப் பேசினால், மறதிநோய் உள்ளவர்கள் பராமரிப்பை எதிர்ப்பது அதிகரிக்கிறது என்று அமெரிக்காவில் கிறிஸ்டீன் வில்லியம்ஸ் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆகவே “சாப்பிடு கண்ணு” என்பதை விட்டு “சாப்பிடுங்க” என்று பழகச் சொன்னேன். மூத்த பணியாளர் ஒப்பவில்லை. “எங்க ஆத்தாவையே நான் வா போன்னுதான் சொல்லுவேன். அதுல என்ன மரியாதைக் குறைவு?” அவர் சொன்னது சரி. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பெற்ற தாயிடம் ஒருமை அன்பின் வடிவம். நகரத்தார் வீடுகளிலோ ‘சாப்பிட்டியளா’ என்றுதான் கேட்பார்கள். ஆச்சிக்குப் பழகியது இரண்டாவது. எனவே பொது விதி எதையும் வைக்காமல், யாருக்கு எந்த வடிவம் பழக்கமோ அதை அவரவர் திட்டத்தில் எழுதினோம்.

உண்மையான உறுத்தல் வேறிடத்தில் இருந்தது. ஆச்சியின் தலைக்கு மேலாக ஒருவரோடொருவர் பேசும்போது, “இது இன்னைக்கு மருந்து போட்டுச்சா?”, “இது ராத்திரி தூங்கவே இல்லை” என்றார்கள். வாங்க போங்க என்று நேரில் அழைத்தவர்களும் அப்படித்தான் பேசினார்கள். சொன்னவர்களுக்கே அது காதில் விழவில்லை. ஒரு மாணவி தன் கைபேசியில் பதிவு செய்து போட்டுக் காட்டியபோது அறை அமைதியானது. அதன்பிறகு யாரையும் திருத்த வேண்டியிருக்கவில்லை. யாராவது ‘இது’ என்று தொடங்கினால் அடுத்தவர் இருமுவார்.

டொரண்டோவில் ஆரா கேகன் உருவாக்கிய ஆதரவு உரையாடல் முறை இதையே இன்னும் ஆழமாகச் சொல்கிறது: உங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும் என்று முதலில் காட்டு, பிறகு அவருக்குத் தெரிந்தது வெளியே வர வழி செய். 2001இல் வெளியான அவருடைய ஆய்வில் பயிற்சி பெற்றவர்கள் தன்னார்வலர்கள் மட்டுமே. நோயாளிகளுக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. ஆனாலும் உரையாடலில் நோயாளிகளின் பங்கேற்பு கூடியது. நான் மாதக்கணக்கில் சொல்லியும் ஏறாத இந்தக் கருத்து, எங்கள் சமையலறையில் ஒரு முற்பகலில் எல்லோருக்கும் ஏறியது.

உழக்கின் மேல் கோபுரம்

ஆச்சி என்னென்ன செய்து வாழ்ந்தவர் என்று மகளிடம் கேட்டிருந்தோம். உறவில் எந்தக் கல்யாணம் என்றாலும் பலகாரச் செய்முறையை மேற்பார்வை பார்க்க ஆத்தாவைத்தான் கூப்பிடுவார்கள் என்றார். அதைக் கேட்ட சமையல்காரர், வெள்ளைப் பணியாரத்துக்கு அரிசி அளக்கும்போது ஆச்சியைச் சக்கர நாற்காலியில் சமையலறைக்கு அழைத்து வந்தார். உழக்கில் பச்சரிசியை நிரப்பி, மேலே உளுந்தைக் கொட்டி, விரலால் தலைவெட்டித் தட்டையாக்கினார். ஆச்சி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். “அது… அது…” என்று தலையை ஆட்டி, இடக்கையைக் குவித்து உழக்கின் மேல் வைத்து, விரல்களை மேலே ஒன்றுகூட்டினார். சமையல்காரர் ஒரு கணம் பார்த்துவிட்டு, “கோபுரமா வைக்கணுமா ஆச்சி?” என்றார். நான் ஓரத்தில் நின்று ‘வேணும்’ அட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். தேவைப்படவில்லை. அரிசி மட்டம், உளுந்து கோபுரம். அந்த ஊரில் அதுதான் அளவு. அன்றைய பணியாரம் வெண்மையாகவும் மென்மையாகவும் வந்தது என்பது எல்லோரும் ஒப்புக்கொண்டது.

‘வீம்பு’ என்று சொன்ன பணியாளர் அப்போது அங்கே இருந்தார். அந்தச் சொல்லை அவர் பிறகு பயன்படுத்தி நான் கேட்கவில்லை. அடுத்த வாரங்களில் அவர் தம் கைபேசியில் ஆச்சியின் டம்ளர், போர்வை, குளியலறைக் கதவு, மருந்துப் பெட்டி, பேத்தியின் முகம் ஆகியவற்றைப் படமெடுத்து, அச்சிட்டு, பள்ளிக்கூட நோட்டில் ஒட்டினார். என் முப்பது படப் பலகை செய்யாததை அந்த நோட்டு செய்தது. அது கட்டிலின் இடப்பக்கம் பனையோலைக் கொட்டான் ஒன்றில் எப்போதும் இருக்கும்.

மகளுக்கும் நாங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காணொளி அழைப்பில், “சாப்பிட்டியளா ஆத்தா? மருந்து போட்டாச்சா? வலி இருக்கா?” என்று ஒரே மூச்சில் கேட்பார், ஆச்சி அழத் தொடங்குவார், மகளும் அழுவார். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி, பிறகு மனத்துக்குள் பத்து வரை எண்ணும் அளவுக்குப் பேசாமல் இருப்பது என்று வைத்துக்கொண்டோம். பேசாமல் இருப்பதுதான் அவருக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. விலை கொடுத்து வாங்கிய நேரத்தில் மௌனமாக இருப்பது போல் தோன்றியது என்று பிறகு சொன்னார்.

நிலவரம்

ஆறு மாதம் கழித்து ஆச்சியை அதே சோதனைகளால் மீண்டும் மதிப்பிட்டேன். சொல்லும் திறனில் குறிப்பிடும்படியான மாற்றமில்லை. பக்கவாதம் வந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், பதினைந்து நாளுக்கொருமுறை வரும் ஒருவரின் பயிற்சியால் பெரிய மாற்றத்தை நான் எதிர்பார்க்கவும் இல்லை. மாறியவர்கள் சுற்றியிருந்தவர்கள். குளியல் மறுப்பு எப்போதாவது உண்டு. இப்போது அது ‘வேண்டாம்’ அட்டையைத் தொட்டுச் சொல்லப்படும் மறுப்பு, பதிவேட்டிலும் ‘இன்று வேண்டாம் என்றார்’ என்று எழுதப்படுகிறது. தூக்க மாத்திரை கூட்டப்படவில்லை.

குறைகளும் உண்டு. பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் கூடுதல் சம்பளத்துக்குத் திருப்பூர் போய்விட்டார். அவரோடு அவர் கற்றதும் போனது. அதனால் ஆச்சிக்கான திட்டத்தை ஒரே பக்கத்தில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினோம். வெளியே ஒட்டினால் வருகிறவர் போகிறவரெல்லாம் படிப்பார்கள் என்று மகள் தயங்கினார், நியாயமான தயக்கம். மாற்றுத்திறனாளிச் சான்றிதழிலும் கைகால் குறைபாடு மட்டுமே இருந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் பேச்சு மொழிக் குறைபாடும் ஒன்று. அதன் வரையறையில் அஃபேசியா பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. திருத்தத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்குப் பின் இயன்முறை மருத்துவரும் செவிலியரும் வீட்டு வாசலுக்கே வருவது கிராமங்களில் பழகிவிட்டது. பேச்சுக்கு ஒருவர் வருவார் என்பது இன்னும் யாருக்கும் தோன்றவில்லை.

இவற்றையெல்லாம்விட என்னை உறுத்துவது இரவு நேரம். இரவுப் பணியாளர் ஒன்பது மணிக்கு வருகிறார்; பணிமாற்ற அமர்வுகள் நடப்பது மதியம். அவர் ஒருமுறைகூட அதில் உட்கார்ந்ததில்லை. விளக்கை அணைத்த பின் நோட்டும் அட்டையும் ஆச்சிக்குத் தெரிவதில்லை. படிக்கும் கண்ணாடியைக் கழற்றி இழுப்பறையில் வைத்துவிடுகிறார்கள். சென்ற முறை போனபோது, இரண்டு இரவுகள் ‘சத்தம் போட்டார், காரணம் தெரியவில்லை’ என்று பதிவேட்டில் இருந்தது. கட்டிலின் இடப்பக்கம் பொருத்த ஒரு சிறிய விளக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, வரும் வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு வருவதாகச் செவிலியரிடம் சொல்லியிருக்கிறேன்.